குதிரையின் இருபத்து மூன்று

ஜன்னல் கண்ணாடிமேல் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திப் பிடித்திருக்கிறாள் யாஸ்னா. நோவி சாத் நகரத்து மாலை வெயில் இரண்டையும் ஊடுருவி வருகிறது. ஒவ்வொன்றிலும் சதுரங்கப் பலகையின் கட்டத்துக்குக் கட்டம் குதிரையின் மதிப்பைச் சொல்லும் அறுபத்து நான்கு எண்கள். மேல்தாள், எதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்வெதோசார் எழுதிய செஸ் புரோகிராமில் இருப்பது, அடித்தாள் யாரோ ஒரு போலந்துக்காரர் எழுதியதில் இருப்பது. "சரியான நம்பர் ரெண்டுலயும் ஒண்ணா இருந்தா புரோகிராம் போட்டி நடுவரா நான் வாயே திறக்க மாட்டேன்டா. தப்பும் ஒண்ணா இருக்கே, அதுக்கு என்ன சொல்ற?" அவள் விரல் நிற்கும் இடத்தில், முப்பத்திரண்டு இருக்க வேண்டிய கட்டத்தில், இரண்டிலும் இருபத்து மூன்று. அடுப்பில் காபி பொங்கி வழிகிறது. அணைக்க யாரும் எழவில்லை. "அது என் தப்பு யாஸ்னா. மத்ததெல்லாம் அங்கங்க படிச்சது, ஒத்துக்கறேன். அது மட்டும் என்னோடது. காய்ச்சலோட உக்காந்து மாத்தி எழுதிட்டேன், நல்லா ஞாபகமிருக்கு." பழைய நோட்டை விரித்து நீட்டுகிறான். அவன் கையெழுத்தில் அதே இருபத்து மூன்று. பக்கத்தின் தலையில் மார்ச் 2009. "அந்தப் போலந்துக்காரரோடது 2007டா," என்கிறாள் யாஸ்னா மெதுவாக. "நாளைக்குப் போட்டில உன் பேரை நான் வச்சிருக்கறதா, எடுக்கறதா?" அவன் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்க்கிறான். "அப்போ அந்தக் காய்ச்சல் யாரோடது?"