வில்லை குத்தின மீன்

"கண்ணால கண்டன் மச்சான்! அக்கரையில முத்தலிப் காக்கா வலையில இருந்து கழட்டினது நம்மட மீன்தான். முதுகில மஞ்சள் வில்லை. இந்நேரம் கறியாகியிருக்கும்" என்று பிரசாந் கத்தினான்.

முர்ஷித் துள்ளி எழும்பினான். எழும்பாமல்? கடலோரக் களப்பில் கொடுவா மீன் பிடித்து, ஆராய்ச்சிக்கென்று அடையாள வில்லை குத்தி விட்டவனே அவன்தான். சண்டை ஓய்ந்த கையோடு ஆற்றை மறித்து அணை கட்டப் போகிறார்கள். நாளைக்குக் கூட்டம். களப்பு மீன் ஆறேறி வருது என்று காட்ட, மேலே ஆற்றில் பிடிபட்ட மீனின் ஒரு வில்லையாவது கையில் வேணும். இல்லாட்டி மீனுக்கு வழி விடாமலே கட்டிவிடுவார்கள். பிறகு ஆற்றில் கொடுவாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இரண்டு பேரும் அக்கரைக்கு, சவளக்கடைப் பக்கம் பறந்தார்கள்.

முத்தலிப், சுனாமிக்குப் பிறகு கடலே வேணாம் என்று மருதமுனையை விட்டு வந்து ஆற்றோடு கிடக்கிற மனிதர்.

"காக்கா, வில்லை குத்தின மீன் பட்டிச்சா?"

மனிதருக்கு முகம் செத்துப் போனது. "ஓம் மனே... நாலஞ்சி பட்டிச்சி."

"பாத்தியா?" என்று பிரசாந் முழங்கையால் இடித்தான்.

"வில்லையக் கொண்டு வந்து தாங்க எண்டு மீனவர் சங்கத்தில சொன்னமே காக்கா! எல்லாத்தையும் திண்டுட்டீங்களா?" என்றான் முர்ஷித்.

"நான் எந்தச் சங்கத்துக்கு மனே போன? அல்லாஹ் காவல், திங்கல்ல. உசிரோட பட்டதெல்லாம் திருப்பி ஆத்துலேயே விட்டுட்டன்."

"விட்டுட்டீங்களா! ஏன்?"

"மாட்டுக்குக் குறி சுட்டிருந்தா, உடையவன் ஒருத்தன் இரிக்கான். மீனுக்கு மட்டும் இல்லாமப் போகுமா?"

முர்ஷித் தலையில் கை வைத்து அப்படியே குந்திவிட்டான். "போச்சு. எல்லாம் போச்சு."

முத்தலிப் பயந்து போனார். "றாஹிலா, அதக் கொண்டு வா புள்ள."

அவர் மனைவி ஒரு பெட்டியைக் கொண்டு வந்து வைத்தாள். உள்ளே உப்புப் போட்டுக் காயவைத்த முழுக் கொடுவா. முதுகில் மஞ்சள் வில்லை அப்படியே இருந்தது.

"இது ஒண்டுதான் போன கிழமை வலையிலேயே செத்துப் போயிட்டு. மன்னிச்சிக்கங்க மனே, என்ட கவலையீனம்தான்."

உள்ளே பிள்ளைகள் சம்பலோடு வெறுஞ்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். பிரசாந் மீனையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதையாவது ஆக்கித் திண்டிருக்கலாமே காக்கா?"

"ஆர்ட மீனெண்டு தெரியாம, பிள்ளைகளுக்கு எப்பிடி மனே குடுக்கிற?"