படகுத்துறையில் நின்றவள்

"ஜப்பான்ல செஞ்சாத்தான் அது அனிமே, பெலி. மத்ததெல்லாம் வெறும் கார்ட்டூன் லா."

டோக்கியோவிலிருந்து வீடியோ காலில் ஜெரால்ட் பேசினான். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, பெலிசியாவை மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் விட்டுவிட்டு அனிமே கம்பெனி வேலைக்குப் போனவன். நாலு வருஷமாக ஊர்ப்பக்கமே வரவில்லை.

"உங்க கம்பெனியோட புதுப் படம் பார்த்தேன்," என்றாள்.

ஜெரால்ட் உற்சாகமானான். "கடைசியில அந்தப் பொண்ணு படகுத்துறையில நின்னு கடலையே பார்ப்பாளே! அந்தக் கண்ணைப் பார்த்து அழுதுட்டேன். அந்த ஏக்கத்தை வேற நாட்டுக்காரங்களால வரைய முடியுமா?"

"அந்தக் காட்சியை மட்டும் வெளிநாட்டு ஸ்டூடியோவுக்குக் கொடுத்தாங்களாம்."

"எந்த நாட்டுக்கு?"

"இங்கதான், பினாங்குக்கு. நான்தான் வரைஞ்சேன்."

ஜெரால்ட் மெல்லக் கேட்டான்:

"அவ இன்னும் அங்கேயேதான் நிக்கிறாளா, பெலி?"

"நிக்கிறா," என்றாள். "ஆனா, கால் வலிக்குது லா."