பச்சை லைட்

சங்கவி அறை விளக்கை அணைக்கிறாள். விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவின் தாங்கியில் முகவாயைப் பதித்து உட்கார்ந்திருக்கிறார் சிக்கந்தர். விட்ட சொட்டுமருந்து தாடிக்குள் வழிகிறது. சர்க்கரை வலது கண்ணைப் போன வருடமே தின்றுவிட்டது. இந்தத் தீவில், கராச்சர்மாவில் அவருடைய மளிகைக் கடை இந்த இடது கண்ணை நம்பித்தான் ஓடுகிறது. அவர் மனைவி ஷாஹினா பின்னால் நின்று, அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். வெளியே தகரத்தில் மழை. சங்கவி கேமராவுக்குப் பக்கவாட்டில் குனிந்து, “பாய், உள்ளே நேரா பச்சை லைட் தெரியுதா?” என்கிறாள். “ஏக்தம் க்ளியரா தெரியுதும்மா.” சட்டென்று வருகிறது பதில். “பார்த்தியா ஷாஹினா, கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போகணும்னு அழுதியே!” துடைக்கும் கை நிற்கிறது, ஷாஹினா சிரித்தேவிடுகிறாள். சங்கவியின் விரல் சுவிட்சின் மேல் அப்படியே இருக்கிறது. எப்போதும் பச்சை லைட்டைப் போட்டுவிட்டுக் கேட்பவள், இன்று கேட்டுவிட்டாள், இன்னும் போடவில்லை. சத்தம் வராமல் அழுத்துகிறாள். “இப்போ, பாய்?” “அதான் சொன்னேனேம்மா, தெரியுது.” அவள் முன்னாலிருக்கும் திரையில், அகல விரிந்த அந்தக் கண் எரியும் லைட்டை விட்டு விலகி, அவள் குரல் வந்த பக்கம் திரும்புகிறது.