இரண்டு கன்னியம்மா

கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி காலை வெயிலில் மினுங்குகிறது. தண்டையார்பேட்டை சாலையோரப் பழைய சாமான் கடையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே கிடந்த பழைய ஜெர்மன் கேமராவை அருள்நாதன் கண்ணில் வைத்துப் பார்க்கிறார். உள்ளே கடைக்காரி கன்னியம்மா இரண்டாகத் தெரிகிறாள். லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்ப, இரண்டு உருவமும் நெருங்கி ஒன்றாகி வெற்றிலை மெல்லுகிறது. வாலிபத்திலிருந்து ஆசைப்பட்ட கேமரா. “இருநூறு குடு நைனா.” கொடுத்துவிட்டு நடந்துவிடலாம். ஆனால் விவரம் தெரியாதவர்களை ஏமாற்றி வாங்கிய பொருள் எதுவும் அவர் வீட்டுக்குள் வந்ததில்லை. முதுகை நிமிர்த்திக்கொள்கிறார். “இது இருபதாயிரம் போகும்மா.” கன்னியம்மா குலுங்கிச் சிரிக்கிறாள். “வாங்க வந்துட்டு நீயே வெலய ஏத்துறியே, இன்னா ஆளு நைனா நீ! ஐநூறு குடுத்துட்டு எட்துகினு போ. மொதல்ல என்னிய ஒரு போட்டோ புடி.” “பிலிம் இல்லம்மா.” “பரவால்ல, சொம்மா அமுக்கு” என்று முந்தானையை இழுத்துவிட்டு, அவரைப் போலவே நிமிர்ந்து உட்காருகிறாள்.