ஸ்டார்ட்டிலதான் நிக்குது

அவன் பொத்தானை அமுக்கினான்.

ஒரு சத்தமும் இல்லை.

ஓடத் தயார் என்று ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆசனத்தின் பிளாஸ்டிக் உறை முதுகுக்குப் பின்னால் மொறுமொறுத்தது.

நான்கு சில்லுகளுக்கும் முன்னால், ஏறி நசுக்க, நான்கு தேசிக்காய்கள். பொனற்றில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையைக் கோயிலாக்கியிருந்தார்கள். அதன் கார் தரிப்பிடத்தில், ஞாயிறு நண்பகல், முப்பது பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி அவனுடைய புது பிக்கப் நகரக் காத்திருந்தார்கள்.

குருக்கள் கற்பூரத் தட்டோடு ஒதுங்கி நின்றார்.

அவனும் காத்திருந்தான். குருக்கள் ஐயா சொல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

ஐயாவோ, எஞ்சின் சத்தம் கேட்காமல் சொல்லப் போவதில்லை.

கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று.

“தம்பி, ஸ்டார்ட் பண்ணுங்கோ,” என்றார் குருக்கள்.

“ஸ்டார்ட்டிலதான் ஐயா நிக்குது.”

குருக்கள் பொனற்றில் காதை வைக்காத குறையாகக் குனிந்தார். நிமிர்ந்து, பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்.

ஹைபிரிட் வண்டி. மெல்லப் போகும்போது பற்றரியிலேயே போகும். வேகம் கூடினால்தான் எஞ்சின் விழிக்கும். நூறு கிலோமீற்றருக்கு ஆறரை லீற்றர் பெற்றோல். இந்தக் கிழமை முழுக்க அவன் இதைச் சொல்லாத ஆள் இல்லை. பல் பிடுங்கப் போன இடத்தில், வாய்க்குள் பஞ்சோடு, பல் டொக்டருக்கும் சொன்னான். பின்பெட்டிக்குக் கம்பளம் விரித்திருந்தான். அதில் சாமான் ஏற்றுவதைப் பற்றி யாராவது கதைத்தால் முகம் மாறிவிடும்.

ஆனால் சொல்ல வேண்டிய ஆளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அந்த ஆள் கூட்டத்தின் பின்வரிசையில், கையை மார்புக்குக் குறுக்கே கட்டியபடி நின்றார். மனைவியின் அண்ணன், கமலநாதன். அவருடைய டீசல் ட்ரக்கை ஸ்டார்ட் எடுத்தால் இரண்டு தெரு தள்ளித் தூங்கும் பிள்ளை எழும்பும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் விருந்தில், “என்ர தங்கச்சியை இன்னும் பஸ்ஸிலதான் ஏத்தித் திரியிறான்,” என்று முழு மேசைக்கும் கேட்கச் சொன்னவர். அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை. இன்றைக்குத் தங்கைக்காக வந்திருக்கிறார்.

மச்சானின் வாயிலிருந்து ‘நல்ல வண்டி’ என்று இரண்டு சொல். அவ்வளவுதான் வேண்டும்.

“பற்றரி இறங்கிட்டுது போல,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“புது வண்டியடா!”

“புதுசெண்டா? கறண்டுச் சாமானை நம்பேலாது.”

சிரிப்பு.

அவனுக்குக் காது சுட்டது. கொஞ்சம் உறும வைக்கலாம் என்று அக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தான். உறுமவில்லை. மரியாதை தெரிந்த வண்டி. கோயில் வாசலில் சத்தம் போடாது.

ஐயா சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தான். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

“கொஞ்சம் தள்ளுங்கோ!”

விலகி நில்லுங்கள் என்றுதான் சொன்னான்.

முப்பது பேருக்கும் வேறு மாதிரிக் கேட்டது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐந்தாறு பேர் வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள்.

“கமலண்ணை, வாங்கோ! உங்கட உடம்புக்கு இண்டைக்குத்தான் வேலை!”

இறங்கி எல்லோருக்கும் விளங்கப்படுத்த வேண்டும். பற்றரி, எஞ்சின், ஆறரை லீற்றர். வசனம் தயாராகவே இருந்தது. கதவின் கைபிடியில் கை வைத்தான்.

பின்பக்கக் கமராவின் திரையில் மச்சான் தெரிந்தார்.

சால்வையை இடுப்பில் வரிந்து கட்டினார். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார், பெயின்ற் கீறுப்படும் என்றாக்கும். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டிக் கதவில் பதித்தார்.

“நீர் கியரைப் போடும் மச்சான்! பின்னால நாங்கள் நிக்கிறம்!”

இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு.

‘நல்ல வண்டி’ அதில் இல்லை.

அவன் கைபிடியை விட்டான். கியரைப் போட்டான்.

வண்டி தன் பாட்டில் அசைந்தது. நான்கு தேசிக்காயும் ஒன்றாக நசுங்கின. அந்தச் சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

“வருது, வருது! விட்டிடாதேங்கோ!”

குருக்கள் அவசரமாக மணியை அடித்தார்.

திரையில் மச்சானின் முகம் சிவந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். செத்துக் கிடந்த வண்டி ஒன்றைத் தன் கையால் எழுப்பிவிட்ட பெருமை அந்த முகத்தில். அக்கம் பக்கம் திரும்பி, எல்லோரும் பார்க்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டார்.

வண்டி முந்தப் பார்த்தது. கைகள் விலகிவிடும் போலிருந்தது.

தள்ளுகிறவர்களுக்குப் பாரம் தெரியும் அளவுக்கு, அவன் பிரேக்கை மெல்ல மிதித்தான்.