இரண்டு மணி நேரத் தூரம்

"இத்தாலியில, பொலோன்யாவுல விமானம் ஏறினா, நம்ம யாஷ் விமான நிலையத்துல இறங்க ரெண்டே மணி நேரம். அதுக்குக்கூடவா உனக்கு மனசு வரலை?"

அம்மா இறந்த நாற்பதாம் நாள் சாப்பாட்டில், ஊரே கேட்கும்படி தம்பி நெலுவைப் பிடித்துக்கொண்டாள் அவுரிகா.

நெலு தலை நிமிரவில்லை. தட்டிலிருந்த கோஸ் இலைச் சுருளைக் கரண்டியால் இரண்டாக வெட்டினான். சாப்பிடவில்லை.

"விடும்மா," என்றார் பக்கத்து வீட்டு கோஸ்தாகே. "ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டராமே. இத்தாலி என்ன, ஆத்துக்கு அந்தப் பக்கமா இருக்கு?"

"பறக்கிறவனுக்குத் தூரம் என்ன தூரம்? கிறிஸ்துமஸுக்குப் பன்னி அடிக்கிறோம்னா மட்டும் முதல் ஆளா வந்து நிக்கிறானே!"

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவுரிகா சிரிக்கவில்லை.

"உயிர் போறப்ப கையில எரியிற மெழுகுவர்த்தி இருக்கணும். இல்லேன்னா போற வழியெல்லாம் இருட்டு. நான் ஏத்திக் கொடுத்தா, அம்மா கையை மூடிக்கிட்டாங்கடா. 'நெலு வந்து பிடிக்கட்டும்'னு வாசலையே பார்த்தாங்க. கடைசியில வெளிச்சமில்லாமலே போய்ட்டாங்க."

அவள் குரல் உடைந்தது. கறுப்புத் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுக்கா."

"டிக்கெட் எடுத்துட்டேன்னு சொன்னியே?"

"எடுத்தேன்."

"அப்புறம்?"

"ஒரு வேலை வந்துடுச்சு."

"கேட்டுக்குங்க! பெத்தவளைவிடப் பெரிய வேலை!"

கோஸ்தாகே விடவில்லை. "உன் பொண்ணும் அங்கதானே படிக்கிறா? அவளும்தான் வரலை."

"ஸ்மரண்டாவுக்குப் பரீட்சை. நான்தான் வராதேன்னு சொல்லியிருந்தேன். இவனுக்கு என்ன பரீட்சை?"

நெலுவின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"போ போ. முதலாளி கூப்பிடுறான் போல," என்றாள் அவுரிகா.

அவன் கிணற்றடிக்குப் போய், குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"சொல்லு ஸ்மரண்டா. மாத்திரை போட்டியா?"

"போட்டேன் மாமா. அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லிடுங்க மாமா. சைக்கிள்ல போன என் மேல வேன் மோதினது, விமான நிலையத்துல வரிசையில நின்ன நீங்க அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தது, எல்லாத்தையும் சொல்லிடுங்க. எனக்கு நினைவு திரும்புற வரைக்கும் என் கையை நீங்க விடவே இல்லைன்னு நர்ஸ் சொன்னாங்க."

"உங்கம்மா இப்பத்தான் ஒருத்தரை மண்ணுல வச்சிருக்கா. முதல்ல நீ ஊன்றுகோல் இல்லாம நட. அப்புறம் நீயே வந்து சொல்லு."

"அதுவரைக்கும் எல்லாரும் உங்களைத்தானே திட்டுவாங்க?"

நெலு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அக்காவின் குரல் இன்னும் ஓயவில்லை.

"திட்டட்டும்மா. பாட்டி போனதுலேருந்து உங்கம்மா அழவே இல்லையாம். கல்லு மாதிரி இருந்தாளாம். இன்னைக்கு என்னைத் திட்டும்போதுதான் அவ கண்ணுல தண்ணி வந்துச்சு."