தகரத்துக்குக் கீழே

அண்ணன் ஏணியை எட்டி உதைத்தான்.

மேலே நின்றிருந்த பெண் கூரை விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். விளிம்புத் தகரம் ஆணியோடு பிய்ந்து அவளோடு கீழே வந்தது. நான் பாய்ந்து இடுப்பைப் பிடித்திராவிட்டால் கல் படியில் மண்டை உடைந்திருக்கும்.

கையுறை கிழிந்து அவள் உள்ளங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது.

அவள் பெயர் மா யோங்ஜு. எங்கள் வீட்டை வாங்கவிருக்கும் தேஜான் நகரத்துக்காரர் அனுப்பிய ஆள். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"வெறும் தகரம்னு எத்தன தடவ சொல்றது? காதுல முளையடிச்சு வெச்சிருக்கியா?" என்று அண்ணன் அவளைப் பார்த்துக் கத்தினான்.

அண்ணன் தோக்மானுக்கு எழுபது நெருங்குகிறது. வாய் ஒன்று சொல்வதற்குள் கை இரண்டு சொல்லிவிடும் பிறவி. வயது அதில் ஒன்றையும் குறைக்கவில்லை.

தகரம் பிய்ந்த இடத்தில் சாம்பல் நிற நெளிவுகள் தெரிந்தன. பழைய சிமெண்ட் ஷீட்.

யோங்ஜு ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை. முகமூடியை இறுக்கிக்கொண்டு, எங்களை விலகச் சொல்லிவிட்டு, தரையில் சிதறிக் கிடந்த ஷீட் சில்லுகள்மேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். தூசி அடங்கியதும் ஒரு சில்லை இடுக்கியால் எடுத்துப் பைக்குள் போட்டாள்.

அண்ணன் அந்தப் பையைப் பிடுங்கப் பாய்ந்தான். நான் குறுக்கே விழுந்தேன்.

முதல் அடி காதில். அடுத்தது வாயில். பல் ஒன்று நாக்கின்மேல் வந்து விழுந்தது. துப்பினேன்.

"அண்ணே, வீட்ட விக்க நீயும்தானே தலையாட்டுன?"

"வீட்ட வித்துக்கடா. கூரையில எவனும் கை வெக்கக் கூடாது."

அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. புரிந்ததாகத்தான் நினைத்தேன்.

அந்தக் கூரை அவன் போட்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து வந்த இளந்தாரி வயதில், அம்மா இனி நனையக் கூடாது என்று வைக்கோலைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போட்டது. அவன் ரம்பத்தால் ஷீட்டை அறுக்க அறுக்க, அம்மா கீழே நின்று வெள்ளைத் தூசியைப் பெருக்கினாள். பெருக்கப் பெருக்கச் சிரித்தாள்.

மிஞ்சிய துண்டைச் செங்கல்மேல் வைத்து, கீழே கரி மூட்டி, பன்றிக்கறி சுட்டோம். கொழுப்பு நெளிவு வழியாக வடிந்துவிடும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சுட்டார்கள். வெந்த முதல் துண்டைக் கீரை இலையில் சுருட்டி அண்ணன் அம்மா வாயில் ஊட்டுவான். வருஷக்கணக்கில் ஊட்டினான்.

"ஆஸ்பெஸ்டாஸ்தாங்க. லேப் வேற சொல்லணும்னே இல்ல" என்றாள் யோங்ஜு. பையின் வாயை மூடிக்கொண்டே கேட்டாள். "இந்த வீட்டுல யாருக்காச்சும் நெஞ்சுல நோவு வந்துச்சா?"

"எங்கம்மாவுக்கு. நுரையீரலச் சுத்தி ஒரு உறை இருக்காமே, அதுல புத்துநோய். எங்கப்பா விடாம சிகரெட் குடிப்பாரு. அதனால வந்தது."

"அந்தப் புத்து சிகரெட்டால வராதுங்க. இந்தத் தூசியாலதான் வரும்."

மறுபடி ஓங்கியிருந்த அண்ணனின் கை தானாக இறங்கியது.

அம்மாவின் சாவன்று, கையில் துக்கத் துணி கட்டியிருந்த அண்ணன் அப்பாவை அடித்ததை ஊரே பார்த்தது. உன் புகைதான் அவளைக் கொன்றது என்று சொல்லிச் சொல்லி அடித்தான். அப்பாவின் மூக்குக் கண்ணாடி தெறித்து, வந்தவர்களுக்கு வைத்திருந்த மாட்டுக்கறிச் சாற்றுக்குள் விழுந்தது. அன்றைக்கே அப்பா ஒரு பையோடு குன்சான் நகரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒற்றை அறையில் தனியாகச் செத்தார். கொள்ளி வைத்தது நான் மட்டும்.

பாவம், அண்ணனுக்கு இப்போதுதானே தெரிகிறது என்று நினைத்தேன். வாயில் அவன் வரவழைத்த ரத்தம் காயவில்லை, அதற்குள் அவன்மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. தோளைத் தொடப் போனேன்.

பிய்ந்து கிடந்த நீலத் தகரம் காலில் இடறியது.

இந்தத் தகரத்தை அவன் அடித்துக்கொண்டிருந்தபோது நான் ஊருக்கு வந்திருந்தேன். கூரை ஒழுகுகிறது, அதனால் மேலே தகரம் போடுகிறேன் என்றான். அப்போது அப்பா உயிரோடு இருந்தார். எங்கள் வழக்கப்படி அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் அம்மாவின் கல்லறையில் புல் வெட்ட ஒரே ஒரு தடவை வரட்டுமா என்று என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் ஏணிக்குக் கீழே நின்று அதை அண்ணனிடம் கேட்டேன்.

"வந்தா கால ஒடிப்பேன்னு சொல்லு" என்றான் அண்ணன், கூரையில் குந்தியபடி.

குரல் அமுங்கித்தான் கேட்டது. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் இறுக்கிக் கட்டியிருந்தான். வெயிலுக்கு என்று நினைத்துக்கொண்டேன், நான் ஒரு மடையன்.

"அப்பவே தெரியுமாண்ணே?"

அவன் தகரத்தைப் பார்த்தான்.

"இந்தத் தூசியப் பத்தி டிவியில சொன்னாங்கடா" என்றான்.

அண்ணனுக்கு ஒற்றைக் கையால் ஒரு கிண்ணம் சாராயம்கூட நான் ஊற்றியதில்லை. எங்களில் அது அவமரியாதை. அந்தக் கையை மடக்கி அவன் முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. மறுபடியும் குத்தினேன். யோங்ஜு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அலறினாள்.

அண்ணன் தடுக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டு நின்று வாங்கிக்கொண்டான்.

அப்பாவும் அன்றைக்கு அப்படித்தான் நின்று வாங்கினார். தன் சிகரெட்தான் அம்மாவைக் கொன்றது என்று சாகும்வரை நம்பினார்.